மெட்டல் ஏன் இறங்கியது? ஒரு சாயங்காலம் கேட்டுப் பாருங்கள்

அம்பாசமுத்திரத்தில் எனக்கு மைக்செட் தொழில். 1992-இல் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கேசட் கடையில் வேலைக்கு நின்றபோதுதான் ஹெவி மெட்டல், அதாவது கிட்டாரை இரைச்சலாக அடிக்கிற முரட்டு ராக் இசை, காதில் விழுந்தது. “அவ்வளவு பெரிசா இருந்தது எப்படி மாமா இறங்கிப் போச்சு?” என்று மருமகன் கேட்டான். விளக்கம் சொல்லவில்லை, ஆல்பங்களை வரிசையாகப் போட்டுக் காட்டினேன்.

போன் ஸ்பீக்கர் வேண்டாம். ஆம்ப்ளிஃபயரும் ரெண்டு பாக்ஸும் போதும். பாஸ், ட்ரெபிள் எல்லாம் நடுவில் நிற்கட்டும்.

முதலில் பிளாக் சபாத் என்ற இங்கிலாந்துக் குழு, 1970, அவர்களுடைய முதல் ஆல்பம். ரெண்டு பாட்டு. பர்மிங்காம் பட்டறையில் விரல் நுனி போன டோனி அயோமியின் கிட்டார். அந்த அழுக்குச் சத்தத்தை மனதில் வையுங்கள்.

அடுத்து 1987, டெஃப் லெப்பர்ட் குழுவின் ஹிஸ்டீரியா ஆல்பம். இதை முழுசாகக் கேட்க வேண்டும். கோரஸ் வரும்போது குரல் மேல் குரலாக அடுக்கியிருப்பார்கள். கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போடுகிற சீரியல் செட் மாதிரி ஒரே பளபளப்பு. சூட்டோடு சூடாக அதே காலத்துக் குழுக்களான பாய்சனில் ஒன்று, மோட்லி க்ரூவில் ஒன்று போட்டு, எது யாருடையது என்று வீட்டாரைக் கேளுங்கள். திணறுவார்கள். பாதிக் காரணம் அதுதான். இங்கேயும் ஒரு ஊர்க் கொடைக்குச் செண்டை மேளம் வந்தால் அடுத்த வருஷம் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் செண்டைதானே!

இப்போது மெட்டாலிகா குழு. 1988 ஆல்பத்தில் பாஸ் கிட்டாரைத் தேடிப் பாருங்கள், காதில் விழுவதே கஷ்டம். நான் அப்படி மிக்ஸ் வைத்தால் கொடைக்காரர்கள் கூலி தரமாட்டார்கள். 1991 ஆகஸ்டில் வந்த ஆல்பத்தில் வேகம் குறைந்து, சத்தம் உருண்டு வரும். கோடிக்கணக்கில் விற்றது. ஆக, சத்தம் பிடிக்காமல் ஜனங்கள் ஓடவில்லை.

அடுத்த மாதமே நிர்வாணா குழுவின் நெவர்மைண்ட் ஆல்பம். இது மெட்டல் இல்லை, கிரஞ்ச் என்ற வேறு ராக் பாணி. அடங்கிப் பாடி, திடீரென வெடிக்கும். 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனையே அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பப் பட்டியலில் முதலிடத்திலிருந்து இறக்கியது. ஹிஸ்டீரியாவை மறுபடி ஒரு நிமிஷம் போடுங்கள். பழைய கல்யாண வீடியோ மாதிரி இருக்கும்.

பிறகு நடந்தது சிதறல். 1992-இல் ஜூடாஸ் ப்ரீஸ்ட் குழுவை விட்டுப் பாடகர் ராப் ஹால்ஃபோர்டு, 1993-இல் அயர்ன் மெய்டன் குழுவை விட்டுப் பாடகர் ப்ரூஸ் டிக்கின்சன் விலகினார்கள். 1995-இல் எம்டிவி இசைச் சேனல் தன் மெட்டல் நிகழ்ச்சியையே அமெரிக்காவில் நிறுத்திவிட்டது. மிச்சப்பேர் டெத் மெட்டல், பிளாக் மெட்டல் என்று இன்னும் கடூரமான வகைகளைப் பிடித்துக்கொண்டு ரேடியோ பக்கமே வராத திசையில் போனார்கள். கடைசியாக மேஹெம் என்ற பிளாக் மெட்டல் குழுவின் 1994 ஆல்பம். ஆச்சி தூங்கப் போகுமுன் இதை முடித்துவிடுங்கள்.

அணைக்கும்போது வால்யூமை முழுக்க இறக்கிவிட்டு ஸ்விட்சைத் தொடுங்கள். இல்லாவிட்டால் ‘டப்’பென்று அடித்து ஸ்பீக்கர் போய்விடும்.