சுவரில் கீறிய கப்பல்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இத்தாலியில் உள்ள பழைய ரோமானிய நகரமான பொம்பெயில் ஒரு வீட்டுச் சுவரின் சாந்துப் பூச்சில் பெரிய சரக்குக் கப்பல் ஒன்றைக் கீறி வைத்திருக்கிறார்கள். கப்பலிலேயே பலகை மாதிரி ஒரு கட்டம் போட்டு ‘யூரோப்பா’ என்று பெயரும் எழுதியிருக்கிறார்கள். பின்னால் ஒரு சிறு படகு கயிற்றில் கட்டி வருகிறது. வரைந்தவர் கப்பலை நன்றாக அறிந்தவர் என்பது பார்த்ததுமே புரியும்.

இப்படிப்பட்ட கீறல்களில் அதிகம் தவறுவது காலக்கணிப்பில்தான். கட்டடத்தின் வயதையே படத்துக்கும் கொடுத்துவிடுகிறார்கள். சாந்து காய்ந்த பிறகு என்றைக்கு வேண்டுமானாலும் ஒருவர் ஆணியை எடுத்திருக்கலாம். பொம்பெயை கி.பி. 79ஆம் ஆண்டில் வெசுவியஸ் எரிமலை மூடிவிட்டதால், அதற்குப் பின் யாரும் வரையவில்லை என்றாவது சொல்ல முடிகிறது. இஸ்தான்புல் ஹாகியா சோபியாவுக்கு அந்த வசதி இல்லை. 537இல் தேவாலயமாகக் கட்டி முடித்தது முதல் பல நூற்றாண்டுகள் மக்கள் புழங்கிய இடம் அது. அங்குள்ள கப்பல் கீறல்களை ஆறாம் நூற்றாண்டு என்று எழுதிவிடக் கூடாது.

கோடு தெரியவில்லை என்று சாக்பீஸ் பூசுவதும் தண்ணீர் தெளிப்பதும் மன்னிக்க முடியாதவை. பூச்சு உதிரும், பூசியவர் விட்ட கோடு ஒரேயடியாக மறையும். நேர் ஃபிளாஷும் உதவாது, பள்ளத்தின் நிழலை அழித்துவிடும். விளக்கைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து, திசையை மாற்றி மாற்றிப் படமெடுங்கள். ஒரு பக்க வெளிச்சத்தில் பாய்மரக் கயிறாகத் தெரிந்தது, மறுபக்க வெளிச்சத்தில் சாந்து வெடிப்பு என்று தெரியவரும்.

முகப்பின் அடியில் கூரான நீட்டல் இருந்தால் உடனே போர்க்கப்பல் என்பார்கள். ரோமானியச் சரக்குக் கப்பல்கள் சிலவற்றுக்கும் அப்படிப்பட்ட முனை உண்டு. துடுப்புகளை எண்ணிக் கப்பலின் நீளத்தைக் கணக்கிடுவதும் வேண்டாம். கை போன போக்கில் இழுத்த கோடுகள் அவை.

கப்பலை மட்டும் வெட்டியெடுத்துப் பதிப்பது இன்னொரு பிழை. இங்கிலாந்தின் பிளேக்னி தேவாலயத்தில் கப்பல்கள் பெரும்பாலும் ஒரே தூணைச் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்கின்றன. வேண்டுதலாக வரைந்தவை என்ற கருத்துக்கு அந்த இட அமைப்புதான் முக்கியச் சான்று.

ராமநாதபுரம் மாவட்டத்து அழகன்குளத்தில் கிடைத்த கப்பல் கீறல் பானை ஓட்டில் உள்ளது. பானை ஊர்விட்டு ஊர் போகும், சுவர் போகாது. அந்தக் கப்பலை ரோமானியக் கப்பல்களோடு ஆய்வாளர்கள் ஒப்பிட்டிருக்க, ‘சங்ககாலத் தமிழர் கட்டிய கப்பல்’ என்று தலைப்புப் போடுவது சரியல்ல.