ஒரே ஃபோல்டரை இரண்டு புரோகிராம் உருவாக்க வந்தால்

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை ஒன்றில் லாரியை எடை போடும் வே பிரிட்ஜ் இரண்டு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எடைச்சீட்டும் லாரிப் படமும் அன்றைய தேதி போட்ட ஃபோல்டரில் சேர வேண்டும். காலையில் பெங்களூரா மாம்பழ லோடு இரண்டிலும் ஒன்றாக ஏறினால், ஒரு பக்கம் புரோகிராம் எரர் காட்டி நின்றுவிடும். மறுபடி ஓட்டினால் ஒழுங்காகப் போகும். அதனாலேயே இந்த ரேஸ் கண்டிஷன், அதாவது இரண்டு புரோகிராம் ஒரே வேலையில் முந்தப் பார்ப்பதால் வரும் கோளாறு, லேசில் பிடிபடாது.

கோளாறு, 'ஃபோல்டர் இருக்கிறதா? இல்லையென்றால் உருவாக்கு' என்ற வரிகளில்தான். பார்த்த பிறகு, உருவாக்கும் முன், இன்னொரு புரோகிராம் உருவாக்கிவிடுகிறது.

முதலில் பார்க்கவே வேண்டாம், நேரே உருவாக்குங்கள். ஒரே பெயருக்கு எத்தனை புரோகிராம் மேக்டிர் (ஃபோல்டர் உருவாக்கும் கட்டளை) கேட்டாலும் ஒன்றுக்குத்தான் கிடைக்கும். மற்றவற்றுக்கு 'ஏற்கெனவே இருக்கிறது' என்ற எரர் வரும். அந்தப் பெயரில் இருப்பது ஃபோல்டர்தான் என்று உறுதி செய்துவிட்டு, அதை வெற்றியாக எடுத்துக்கொள்ளலாம். பைத்தான் மொழியில் 3.2 முதல், மேல் ஃபோல்டர்களையும் சேர்த்து உருவாக்கும் மேக்டிர்ஸ் ஃபங்ஷனில் எக்ஸிஸ்ட்_ஓகே=ட்ரூ கொடுத்தால் இதை அதுவே செய்யும்; அந்தப் பெயரில் ஃபைல் இருந்தால் எரர் தரும், தரத்தான் வேண்டும். இதே வேலைக்கு ஜாவாவில் கிரியேட்டைரக்டரீஸ், கோ மொழியில் மேக்டிர்ஆல். பிஎச்பியில் மேக்டிர் ஃபால்ஸ் தந்த பிறகே இஸ்_டிர் (அது ஃபோல்டரா என்று சொல்வது) பாருங்கள், முன்னால் அல்ல.

எல்லா எரரையும் பிடித்து விழுங்குவது மிக மோசமான பழக்கம். டிஸ்க் நிறைந்ததும் பெர்மிஷன் இல்லாததும் அதில் மறைந்துபோய், வேறெங்கோ 'ஃபைல் இல்லை' என்று வெடிக்கும்.

ஃபோல்டரை உருவாக்கும்போதே பெர்மிஷனை 0700 (உரிமையாளர் மட்டும் நுழையலாம்) என்று கொடுங்கள். பிறகு சிஎச்மாட் (பெர்மிஷனை மாற்றும் கட்டளை) போட்டால், அந்த இடைவெளியில் பிறர் உள்ளே நுழையலாம். பைத்தான் 3.7 முதல் மேக்டிர்ஸில் இந்த எண் கடைசி ஃபோல்டருக்கு மட்டும்தான். புதிதாக உருவாகும் மேல் ஃபோல்டர்கள் யுமாஸ்க் (புதியவற்றுக்கு எந்தப் பெர்மிஷன் வேண்டாம் என்ற சிஸ்டம் அமைப்பு) படி அமையும். ஏற்கெனவே இருக்கும் ஃபோல்டரின் பெர்மிஷனும் மாறாது. தற்காலிக ஃபோல்டருக்குப் பெயரை நீங்களே யோசிக்காமல் எம்கேடிடெம்ப் (வேறெதிலும் இல்லாத பெயரில் உருவாக்கித் தரும் ஃபங்ஷன்) பயன்படுத்துங்கள்.

யார் முதலில் உருவாக்கினார் என்பது முக்கியமானால் எக்ஸிஸ்ட்_ஓகே கூடாது. வெறும் மேக்டிர் கேட்டு யாருக்கு வெற்றியோ அவரே முதல்.

சோதிக்க, 20 த்ரெட்டை (புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் இழைகள்) பேரியர் (எல்லாம் வந்து சேரும்வரை காக்க வைப்பது) வைத்து நிறுத்தி, ஒரே நேரத்தில் அவிழ்த்துவிடுங்கள். பார்த்துவிட்டு உருவாக்கும் பழைய புரோகிராம் சில சுற்றுகளில் எரர் காட்டி விழும்.

இரவில் காலி ஃபோல்டர்களை அழிக்கும் வேலை ஓடுகிறதா? உருவாக்கியதற்கும் ஃபைல் எழுதுவதற்கும் நடுவில் அது அழித்துவிடலாம். இன்றைய தேதி ஃபோல்டரை அது தொடாதபடி செய்யுங்கள். எழுதும்போது 'இல்லை' என்று வந்தால் ஃபோல்டர் உருவாக்குவதிலிருந்து இரண்டு மூன்று முறை திரும்ப முயலட்டும்.