கொட்டகைக்குச் சோலார்: மலிவாக முடிக்கப் போய்ப் பணம் கரையும் இடங்கள்

பெங்களூரு அல்சூரில் வீடு, ஆனேக்கல் பக்கம் சிறிய காய்கறித் தோட்டம். தோட்டத்தில் ஒரு தகரக் கொட்டகை. மின்கம்பம் எட்டாத தூரத்தில் இருப்பதால் சோலார் வைத்தோம். குறைந்த செலவில் வைக்கலாம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பலரும் தொடங்குவதைப் போலவே நாங்களும் பேனலில் தொடங்கினோம். முதல் தவறு அதுதான். கடைக்காரர் "எத்தனை வாட் பேனல் வேண்டும்?" என்று கேட்பதற்கு முன்பே, ஒரு நாளைக்கு எவ்வளவு மின்சாரம் செலவாகும் என்ற கணக்கு கையில் இருக்க வேண்டும்.

எங்கள் கணக்கு இது. 9 வாட் எல்.இ.டி. பல்பு மூன்று, ஐந்து மணி நேரம்: 135 வாட்மணி (வாட்டை மணி நேரத்தால் பெருக்கினால் வருவது). குறைந்த மின்சாரத்தில் ஓடும் 28 வாட் மின்விசிறி எட்டு மணி நேரம்: 224. போன் சார்ஜுக்கு 30. தண்ணீர் ஏற்றும் 120 வாட் சிறு பம்ப் அரை மணி நேரம்: 60. கண்காணிப்புக் கேமரா வெறும் 6 வாட்தான் என்று முதலில் அதைச் சேர்க்கவே இல்லை. இருபத்துநான்கு மணி நேரமும் விழித்திருக்கும் பொருள் அது, 144 ஆகிறது. மூன்று பல்புகளையும் விட அதிகம்! மொத்தம் ஏறக்குறைய 600.

அடுத்த தவறு, வெயிலை ஏப்ரல் மாதத்தில் அளப்பது. ஜூலை, ஆகஸ்டில் பெங்களூருவின் வானம் நாள் முழுவதும் சாம்பல் பூசிக் கிடக்கும். அந்த மாதங்களில் ஒரு நாளில் கிடைக்கும் மொத்த வெளிச்சம் நான்கு மணி நேர முழு வெயிலுக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி, கம்பி, வெப்பம் ஆகியவற்றில் கால் பங்கு போய்விடும் என்று கொண்டால், 600 கிடைக்க 800 உற்பத்தியாக வேண்டும். நான்கால் வகுத்தால் 200 வாட் பேனல். விடாமல் மழை பிடிக்கும் வாரத்தில் இதுவும் போதாது. மின்விசிறியை நிறுத்திவிட வேண்டியதுதான்.

பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். 12 வோல்ட், 150 ஆம்பியர்மணி என்றால் 1,800 வாட்மணி. ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் அடிக்கடி காலி செய்தால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். ஆகவே நம் கைக்கு வருவது 900தான். எங்கள் செலவுக்கு ஒன்றரை நாள். அலுவலக யூ.பி.எஸ்ஸிலிருந்து கழற்றிய பழைய பேட்டரிகள் இந்த ஊரில் மலிவாகக் கிடைக்கின்றன. ஆசைப்பட வேண்டாம். மின்சாரம் போகும் நேரத்திற்காக நிரம்பியே காத்திருக்கச் செய்யப்பட்டவை அவை. தினமும் இறங்கி ஏறும் உழைப்பைத் தாங்க மாட்டா. குழாய் வடிவத் தகடுகள் கொண்ட டியூபுலர் பேட்டரிதான் இதற்கு ஏற்றது. மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வெளிவரும் என்பதால் காற்றோட்டமான மூலையில் வையுங்கள்.

பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கருவிதான் கன்ட்ரோலர். வாட்டுக்கு விலை குறைவு என்று 72 செல் (சிறு சூரியத் தகடு) கொண்ட 330 வாட் பேனலை வாங்கி, 12 வோல்ட் பேட்டரியுடன் பி.டபிள்யூ.எம். என்ற மலிவான வகைக் கன்ட்ரோலரில் இணைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பேனல் 37 வோல்ட்டில் 9 ஆம்பியர் தருவது. அந்தக் கன்ட்ரோலர் அதைப் பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இழுத்துவிடும், ஆம்பியர் அதிகரிக்காது. 117 வாட்தான் மிஞ்சும். அந்தப் பேனல்தான் வேண்டுமென்றால், மிகுதி வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தரும் எம்.பி.பி.டி. கன்ட்ரோலருக்குப் பணம் ஒதுக்குங்கள். எந்தக் கன்ட்ரோலரானாலும் முதலில் பேட்டரியை இணைத்து, பிறகு பேனலை இணையுங்கள். கழற்றும்போது பேனல் முதலில்.

என்னை அதிகம் வருத்திய தவறு கம்பியில் நடந்தது. வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் பத்து மீட்டர் இழுத்து பம்ப்புக்குக் கொடுத்திருந்தேன். பம்ப் முனகியது, தண்ணீர் ஏறவில்லை. கோலார் தங்கவயலிலிருந்து வந்திருந்த எலக்ட்ரீஷியன் தம்பி பம்ப்பைத் திறக்கவே இல்லை. "கம்பியைத் தொட்டுப் பாருங்கள், அண்ணா" என்றார். வெதுவெதுப்பாக இருந்தது. மல்டிமீட்டரை வைத்தார்: பேட்டரியில் 12.4 வோல்ட், பம்ப்பில் 10. போக, வர இருபது மீட்டர். 10 ஆம்பியர் ஓடும்போது 2.4 வோல்ட் கம்பியிலேயே சூடாகித் தீர்ந்துவிடுகிறது. 6 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டதும் இழப்பு ஒரு வோல்ட்டுக்கும் கீழே இறங்கியது, தண்ணீர் தொட்டிக்கு ஏறியது.

ஃபியூஸை மட்டும் தயவுசெய்து மிச்சப்படுத்தாதீர்கள். இரு முனைகளும் உரசினால் இந்தப் பேட்டரி ஆயிரம் ஆம்பியருக்கு மேல் கொட்டும், கொட்டகையே தீப்பிடிக்கலாம். நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். வீட்டு ஏ.சி. மின்சாரத்திற்கான பிரேக்கர் இங்கே உதவாது. பேட்டரி தருவது டி.சி., அதாவது ஒரே திசையில் ஓடும் மின்னோட்டம்; அது இடையில் பூஜ்யத்தைத் தொடாததால் பொறி எளிதில் அணையாது. டி.சி.க்கென்றே குறிக்கப்பட்டதை வாங்குங்கள்.

பேனலைத் தெற்கு நோக்கி 13 முதல் 15 பாகை சாய்த்தால் போதும். டெல்லிக்கு ஏற்ற 30 பாகை இங்கே வேண்டாம். ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது, தெற்கே அதிகம் சாய்ந்த பேனலில் வெயில் குறைவாகவே விழும். நிழலை ஜூனில் மட்டும் பார்த்து இடம் குறிப்பதும் தவறு. டிசம்பரில் சூரியன் தெற்கே தாழ்ந்துவிடும். எங்கள் தென்கிழக்கு மூலைத் தென்னையின் ஒரே மட்டை, டிசம்பர் காலை பத்து மணிக்குப் பேனலின் ஓரத்தில் நிழல் போட்டது. செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதால், நிழல் விழுந்தவை மற்றவற்றின் ஓட்டத்தையும் தடுக்க, ஆம்பியர் பாதி அளவுக்கும் கீழே விழுந்தது. பேனலைக் கொட்டகையின் மறுகோடிக்கு மாற்றினோம். தென்னையை வெட்ட மனம் வரவில்லை.