ஒரு ஜீன், எட்டுக் குறியன்கள்: மூன்று ஆர்.என்.ஏ.க்களையும் கையால் எழுதிப் பழகுவோம்

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் தமிழில் படித்துவிட்டு, பிளஸ் டூவில் உயிரியலை ஆங்கிலத்தில் படிக்க வேண்டியிருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். தூது, கடத்து, ரைபோசோம் ஆர்.என்.ஏ. என்று வரையறைகளை மனப்பாடம் செய்தால் பரீட்சையோடு மறந்துவிடும். ஒரு நிஜ ஜீனை எடுத்து எழுதிப் பார்த்தால் மனதில் நிற்கும். தாள், பென்சில், பாடப்புத்தகத்தில் உள்ள மரபுக்குறியன் அட்டவணை, இவ்வளவு போதும்.

நாம் எடுத்துக்கொள்வது, சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலிக்கான ஜீன். ஏன் இது என்பது கடைசிப் படியில் தெரியும்.

படி 1: டி.என்.ஏ.

வார்ப்புரு இழையின், அதாவது ஆர்.என்.ஏ. பிரதி எடுக்க அச்சாகும் டி.என்.ஏ. இழையின், தொடக்கத்தை மும்மூன்று எழுத்தாகப் பிரித்து எழுதுங்கள்:

டிஏசி, சிஏசி, ஜிடிஏ, ஜிஏசி, டிஜிஏ, ஜிஜிஏ, சிடிசி, சிடிசி

படி 2: தூது ஆர்.என்.ஏ.

ஒவ்வோர் எழுத்துக்கும் கீழே அதன் ஜோடியை எழுதுங்கள். ஏ வந்தால் யு, டி வந்தால் ஏ, ஜிக்கு சி, சிக்கு ஜி.

ஏயுஜி, ஜியுஜி, சிஏயு, சியுஜி, ஏசியு, சிசியு, ஜிஏஜி, ஜிஏஜி

இந்த மூன்றெழுத்துத் தொகுதி ஒவ்வொன்றும் ஒரு குறியன். உட்கருவுக்குள் இந்த வேலையை ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதி செய்கிறது. தயாரான பிரதி சைட்டோபிளாசத்துக்கு வருகிறது.

படி 3: கடத்து ஆர்.என்.ஏ.

அட்டவணையைப் பார்த்து ஒவ்வொரு குறியனுக்கும் உரிய அமினோ அமிலத்தை எழுதுங்கள்: மெத்தியோனின், வேலின், ஹிஸ்டிடின், லியூசின், த்ரியோனின், புரோலின், குளுட்டாமிக் அமிலம், மறுபடியும் குளுட்டாமிக் அமிலம்.

நீங்கள் அட்டவணையைப் பார்த்துச் செய்ததை, செல்லில் சுமார் 75 எழுத்து நீளமுள்ள சின்ன ஆர்.என்.ஏ.க்கள் செய்கின்றன. ஒரு முனையில் அமினோ அமிலம். இன்னொரு பக்கம் குறியனோடு ஜோடி சேரும் எதிர்க்குறியன். எந்தக் கடத்து ஆர்.என்.ஏ.வில் எந்த அமினோ அமிலத்தை ஏற்றுவது என்பதைத் தனி நொதிகள் பார்த்துக்கொள்கின்றன. இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதமாக்கும் ரைபோசோம், எழுத்துகள் ஜோடி சேர்கின்றனவா என்று மட்டுமே பார்க்கும். ஏறி வந்த அமினோ அமிலம் சரியானதா என்று பார்க்காது.

படி 4: ரைபோசோம் ஆர்.என்.ஏ.

செல்லில் உள்ள ஆர்.என்.ஏ.வில் சுமார் 80 சதவீதம் இதுதான். ஆனாலும் பலர் இதை ரைபோசோமைத் தாங்கும் சட்டம் என்று மட்டும் நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். அது போதாது. இரண்டு அமினோ அமிலங்களுக்கு இடையே பெப்டைடு பிணைப்பை உண்டாக்கும் வினையூக்கியே இந்த ஆர்.என்.ஏ.தான், புரதம் அல்ல. ரைபோசோமின் கட்டமைப்பையும் செயல்பாட்டையும் ஆராய்ந்ததற்காகத்தான் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனாத் மூவருக்கும் 2009இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, சங்கிலி எங்கே முடியும்? யுஏஏ, யுஏஜி, யுஜிஏ ஆகிய மூன்றில் ஒன்று வந்ததும். பீட்டா சங்கிலிக்கு அது யுஏஏ.

படி 5: ஓர் எழுத்தை மாற்றுங்கள்

படி 1இல் ஏழாவதாக உள்ள சிடிசியை சிஏசி ஆக்குங்கள். தூது ஆர்.என்.ஏ.வில் ஜிஏஜி போய் ஜியுஜி வரும். குளுட்டாமிக் அமிலத்தின் இடத்தில் வேலின் உட்காரும். முதல் மெத்தியோனின் பிறகு நீக்கப்படுவதால் புத்தகங்கள் இதை ஆறாவது இடம் என்கின்றன.

இதுதான் அரிவாள் செல் சோகை. ஆக்சிஜன் குறையும்போது இந்த ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டி இழைகளாகி, சிவப்பணு வளைந்துபோகிறது. ஆனைகட்டியைத் தாண்டினால் வரும் அட்டப்பாடியில், பழங்குடிக் குடும்பங்கள் இந்த நோயோடு வாழ்கின்றன. நம் மாவட்டத்துக் குழந்தைகளைப் படுத்தும் நோய் என்பதால்தான் இந்த ஜீனை எடுத்தேன்.

இப்போது தாளைத் திரும்பப் பாருங்கள். பிழை டி.என்.ஏ.வில் இருந்தது, தூது ஆர்.என்.ஏ. அதை அப்படியே சுமந்து வந்தது. கடத்து ஆர்.என்.ஏ.வும் ரைபோசோமும் துளியும் தவறு செய்யவில்லை. இரண்டாவது குறியனுக்கு வேலினைக் கொண்டுவந்த அதே வகைக் கடத்து ஆர்.என்.ஏ.தான் ஏழாவதுக்கும் வந்தது.

அப்புறம், அதே சிடிசியை சிடிடி ஆக்கியும் ஒருமுறை எழுதிப் பாருங்கள். தூது ஆர்.என்.ஏ.வில் ஜிஏஏ வரும். அட்டவணையில் அதற்கும் குளுட்டாமிக் அமிலம்தான். ஹீமோகுளோபினில் எந்த மாற்றமும் இருக்காது.