வரப்பு போட்டுக் கணக்குப் போடுவது எப்படி

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் பதினேழு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஆறாம் வகுப்பு படிக்கும் அண்ணன் மகன் நோட்டோடு வந்து உட்கார்ந்துவிடுவான். போன வாரம் கேட்டான்: "ஏனுங்க அத்தை, 5 + 3 × 4-க்கு மிஸ் 17-ன்னு சொல்றாங்க. எனக்கு 32 வருதுங்க. முன்னாடி இருக்கறதைத்தானே முன்னாடி செய்யோணும்?"

நியாயமான கேள்வி. "பெருக்கல்தான் முதலில், அப்படித்தான் விதி" என்று சொல்லி வாயை அடைக்க எனக்கு மனசு வராது. கடையில் பழைய பாக்கி 5 ரூபாய். இன்றைக்கு நாலு ரூபாய் மிட்டாய் மூன்று வாங்குகிறாய். பாக்கி ரூபாயையும் மிட்டாய் எண்ணிக்கையையும் கூட்டி 8 என்பாயா சாமி? மிட்டாயை முதலில் ரூபாயாக்க வேண்டும். 12. அப்புறம்தான் பாக்கியோடு சேரும். இந்த வரிசை எல்லோரும் ஒத்துக்கொண்ட ஏற்பாடுதான். ஆனால் காரணம் இல்லாத ஏற்பாடு அல்ல.

சரி, செய்முறை. கணக்கை எழுதியதும் விடை தேடாதீர்கள். பென்சிலை எடுத்து, அடைப்புக்குறிக்கு வெளியே இருக்கும் ஒவ்வொரு + க்கும் − க்கும் முன்னால் ஒரு கோடு கிழியுங்கள். அதுதான் வரப்பு. இரண்டு வரப்புக்கு நடுவே இருப்பது ஒரு பாத்தி. பெருக்கலும் வகுத்தலும் பாத்திக்குள்ளேயே முடிந்துவிட வேண்டும், வரப்பைத் தாண்டக் கூடாது. எல்லாப் பாத்திக்கும் ஒவ்வொரு எண் வந்த பிறகு இடமிருந்து வலமாகக் கூட்டிக் கழியுங்கள்.

மண்டிக் கணக்கையே பாருங்கள். 512 கிலோ மஞ்சள், கிலோ 130 ரூபாய், 8 மூட்டைக்குத் தலா 20 ரூபாய் கூலி கழிவு என்று வைத்துக்கொள்வோம்.

512 × 130 | − 8 × 20

முதல் பாத்தி 66,560. அடுத்தது 160. கைக்கு வருவது 66,400. இதையே மேசைக் கால்குலேட்டரில் அப்படியே வரிசையாக அடித்தால் 13,31,040 என்று காட்டும். அது 8-ஐ அப்போதே கழித்துவிட்டு, மிச்சத்தை 20-ஆல் பெருக்கிவிடுகிறது. செல்போன் கால்குலேட்டர் 66,400 என்று சரியாகச் சொல்லும். மேசைக் கால்குலேட்டரில் முதல் பாத்தியை அடித்து எம் பிளஸ், இரண்டாவதை அடித்து எம் மைனஸ், கடைசியில் எம்ஆர்சி அழுத்துங்கள்.

அடைப்புக்குறி என்பது வேலி. வேலிக்குள் இருப்பதை முடித்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். அதன் அருமை எனக்கு முதல் வருடமே தெரிந்தது. மூட்டை 65 கிலோ, சாக்குக்கு 1 கிலோ கழிவு, மொத்தம் 8 மூட்டை. நான் 8 × 65 − 1 என்று எழுதி 519 போட்டேன். 8 × (65 − 1) என்று எழுதியிருந்தால் 512. ஏழு கிலோ சாக்கை மஞ்சள் விலைக்குச் சேர்த்துவிட்டேன். கிலோ 130 என்றால் 910 ரூபாய்! அன்றிலிருந்து வேலி போடாமல் எந்தக் கழிவையும் நான் எழுதுவதில்லை.

செய்ய வேண்டிய வரிசையை ஆங்கில முதலெழுத்துகளால் நினைவில் வைக்கப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரும் 'போட்மாஸ்' (BODMAS) நல்ல நினைவுக்குறிப்புதான். ஆனால் அதில் கூட்டலுக்கான எழுத்து (A) கழித்தலுக்கான எழுத்துக்கு (S) முன்னால் வருவதால், பிள்ளைகள் 20 − 6 + 4-இல் 6-ஐயும் 4-ஐயும் கூட்டிவிட்டு 10 என்கிறார்கள். 20 காயில் 6 விற்றது, 4 வந்தது. 18 தானே? கழித்தல் குறி தனக்கு வலப்பக்கம் இருக்கும் பாத்திக்கு மட்டும்தான் சொந்தம். கூட்டலும் கழித்தலும் சம அந்தஸ்து, முதலில் வருவதை முதலில் செய்ய வேண்டும். பெருக்கலும் வகுத்தலும் அப்படியே: 48 ÷ 6 × 2 என்றால் 16, 4 அல்ல.

அடுக்கு வந்தால் பெருக்கலுக்கும் முன்பே முடியுங்கள். 2 × 3² என்பது 18. மேலே இருக்கும் அந்தச் சின்ன 2, மூன்றின் தலையில் மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறது.

பிள்ளைக்கு இந்த ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள்:

50 − 4 × (7 + 2) + 12 ÷ 3 × 2

விடை 22. பிள்ளை 6 என்று சொன்னால் 36-ஐயும் 8-ஐயும் கூட்டிவிட்டுக் கழித்திருக்கிறது. 16 என்று சொன்னால் கடைசிப் பாத்தியில் வகுப்பதற்கு முன்பே பெருக்கியிருக்கிறது.