லினக்ஸில் தமிழ் வரும்: கணினி ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈரோடு, திருப்பூர் வட்டாரப் பள்ளிகளில் புதிதாகச் சேரும் கணினி ஆசிரியர்களின் பாடக்குறிப்புகளைப் பார்த்தால், எங்கள் தலைமுறை இடறிய இடங்களிலேயே அவர்களும் இடறுவது தெரிகிறது. கோப்பைச் சேமிக்க மறப்பது போன்ற சில்லறைத் தவறுகள் பழக்கத்தில் சரியாகிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

மெனுவை மனப்பாடம் செய்வித்தல்

மேல்நிலைப் பாடநூல் ஒரு காலத்தில் ஸ்டார் ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருள் தொகுப்பைக் கற்பித்தது. பின்னர் ஓப்பன் ஆபீஸுக்கு மாறியது. அதிலிருந்து 2010இல் பிரிந்ததே இன்று பலரும் நிறுவும் லிப்ரே ஆபீஸ். எந்த மெனுவில் எத்தனையாவது வரி என்று கற்ற மாணவர் ஒவ்வொரு மாற்றத்திலும் திணறுவார். தலைப்புகளுக்கு ஸ்டைல் கொடுத்தால்தான் பொருளடக்கத்தை மென்பொருளே தொகுக்கும் என்று கற்றவருக்கு மூன்றும் ஒன்றே.

எழுத்துருவையே எழுத்தென்று கற்பித்தல்

இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு பள்ளியில் ஆய்வகத்தை லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவுக்கு மாற்றிய பிறகு, பாமினி எழுத்துருவில் அடித்துச் சேர்த்துவைத்திருந்த வினாத்தாள்களைத் திறந்தபோது, திரை முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரிந்தன. ‘லினக்ஸில் தமிழ் வராதுங்க’ என்று தீர்ப்புச் சொல்லிப் பழைய இயங்குதளத்தையே திரும்ப நிறுவிவிட்டார்கள்.

லினக்ஸ் செய்த பிழை எதுவும் இதில் இல்லை. ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின்மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்தியிருப்பதுதான் பாமினி. அந்தப் போர்வை இல்லாத கணினியில், கோப்பில் உண்மையாக இருப்பது தெரிகிறது. எழுத்துருவை நிறுவினால் வினாத்தாள் படிக்கக் கிடைக்கும். ஆனால் அதில் ஒரு சொல்லை, தமிழுக்கென்றே தனி எண்கள் தரும் யூனிகோடில் தேடினால் அகப்படாது, பெயர்ப்பட்டியலை வரிசைப்படுத்தினால் அகரவரிசை வராது. கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010ஆம் ஆண்டிலேயே தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்ட பிறகும், பாமினியில் தட்டச்சுக் கற்பிப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் நிரல்மொழி இருக்கிறது. அதிலேயே இதைக் காட்டலாம். ‘அம்மா’ என்ற சொல்லின் நீளத்தைக் கேளுங்கள். மாணவர் மூன்று என்பார். பைத்தான் 5 என்னும். 2949, 2990, 3021, 2990, 3006 என்று எண்களைப் பிரித்துக் காட்டினால், புள்ளிக்கும் துணைக்காலுக்கும் தனித்தனி எண் இருப்பது விளங்கும். பிறகு அதே சொல்லை லிப்ரே ஆபீஸின் எழுதும் செயலியான ரைட்டரில் அடித்து, எழுத்துருவை லோகித்திலிருந்து நோட்டோவுக்கு மாற்றச் சொல்லுங்கள். வடிவம் மாறும், எண்கள் மாறா. பழைய வினாத்தாள்களை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன. அந்த வினாத்தாள்களை எறியவும் வேண்டாம், அவற்றுக்காக லினக்ஸை எறியவும் வேண்டாம்.

நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கரும்பலகையில் எழுதுதல்

வேண்டாம்.

‘இலவசம்’ என்று மட்டும் சொல்லி நிறுத்துதல்

இந்த மென்பொருள்களின் மூல நிரல் யாரும் திருத்தும்படி திறந்தே இருக்கிறது. அதில் ஒரு வரியையாவது மாணவர் திருத்தி, ஓட்டிப் பார்க்க வேண்டும்.

கணக்கிடாமல் விடையை நிரப்புதல்

லிப்ரே ஆபீஸின் விரிதாளான கால்க்கைக் கோடு போட்ட தாளாகப் பயன்படுத்துகிறார்கள். சோமனூர், பல்லடம் பகுதியில் விசைத்தறி மீட்டர் கூலிக் கணக்கு பல மாணவர்களின் வீட்டுக் கணக்கு. கூலியை ஒரு கட்டத்தில் மட்டும் எழுதி, ஒவ்வொரு வரியிலும் நெய்த மீட்டரை அதனால் பெருக்கச் சொல்லுங்கள். கூலி உயர்ந்தால் அந்த ஒரு கட்டத்தை மட்டும் திருத்தினால் போதும் என்பதை அவர்களே செய்து பார்க்கட்டும். முதல் வரியின் சூத்திரத்தைக் கீழே இழுத்ததும், கூலிக் கட்டத்தின் முகவரியும் கூடவே வெற்றுக் கட்டங்களுக்கு நகர்ந்து, மற்ற வரிகளின் விடைகள் பூச்சியமாக வரும். முகவரியை நகராமல் நிறுத்த டாலர் குறி ஏன் வேண்டும் என்பதை அப்போது சொல்லிக்கொள்ளலாம்.