பழைய படத்துக்குக் கட்டுரை எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

பெயர்ப் பிழை, வருடப் பிழை எல்லாம் யாராவது திருத்திவிடுவார்கள், விடுங்கள். எங்கள் திரைப்படச் சங்கத்தில் 1936-இல் வந்த ‘எ உமன் ரெபல்ஸ்’ திரையிட்டோம்; விக்டோரியா ராணி கால இங்கிலாந்தில் நடக்கும் கதை. அதற்குப் புதியவர்கள் எழுதிக் கொடுத்த கட்டுரைகளைப் படித்து முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

‘விக்டோரியா காலத்தில் பெண்ணுக்கு உரிமையே கிடையாது’

ஏறக்குறைய எல்லோரும் இப்படித்தான் ஆரம்பித்திருந்தார்கள். எனக்கு எரிச்சல் ஏன் என்றால், இதை நம்பினால் கதையே பிடிபடாது. இங்கிலாந்துச் சட்டப்படி கல்யாணமாகாத, வயதுவந்த பெண் சொத்து வைத்துக்கொள்ளலாம், ஒப்பந்தம் போடலாம். கல்யாணம் ஆனதும்தான் பெரும்பாலானவை கணவன் கைக்குப் போகும். மனைவி தன் சம்பாத்தியத்தைத் தானே வைத்துக்கொள்ள 1870-இல்தான் சட்டம் வந்தது. சொத்து முழுவதும் அவளுடையதாக நிற்க 1882 ஆனது.

இப்போது பமீலாவைப் பாருங்கள். காத்தரின் ஹெப்பர்ன் நடித்த நீதிபதி மகள். பெண்கள் பத்திரிகை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து அதன் போக்கையே மாற்றுகிறாள். அவளைக் காதலிக்கும் தாமஸ் கல்யாணப் பேச்செடுத்தால் தட்டிக்கழிக்கிறாள். ‘திமிர்’ என்று எழுதியிருந்தார் ஒரு தம்பி. படம் காட்டும் காரணம் வேறு: தனக்குப் பிறந்த பெண்ணைச் சகோதரியின் மகள் என்று சொல்லி வளர்க்கிறாள், அந்த ரகசியம். ஆனால் அதோடு நிறுத்தாமல், “கல்யாணம் செய்தால் அவளுக்கு என்னென்ன போகும், எழுதுங்க தம்பி” என்றேன். யோசித்துவிட்டு, “சம்பளமுமா சார்?” என்றார். 1870-க்கு முன்னால் என்றால், ஆமாம்.

பின்பகுதியில், பமீலாவின் பழைய காதலனும் அந்தப் பெண்ணின் தகப்பனுமான ஜெரால்டு என்பவனின் மனைவி விவாகரத்து வழக்கில் பமீலாவின் பெயரை இழுக்கிறாள். 1857 சட்டப்படி, மனைவி தவறினாள் என்பது மட்டுமே கணவனுக்குப் போதும். மனைவி வழக்குப் போட்டால் கணவனின் கள்ளத்தொடர்போடு கொடுமை, கைவிட்டுப்போனது என்று இன்னொன்றையும் நிரூபிக்க வேண்டும். 1923 வரை இதே நிலைதான். ஒருத்தர்கூட இதைத் தொடவில்லை.

படத்தை வரலாற்று ஆவணமாக எடுத்துக்கொள்வது

இது 1936-இன் ஹாலிவுட். 1934-லிருந்து தணிக்கை விதிகள் கறாராகிவிட்டன. பமீலா தாயாகும் விஷயத்தைப் படம் அவ்வளவு சுற்றிவளைப்பதை அதையும் மனதில் வைத்துப் பாருங்கள்.

ஹெப்பர்ன் புராணம்

எல்லாரும் ஹெப்பர்னைப் பற்றியே எழுதுகிறீர்கள். ஜெரால்டாக வருபவர் வான் ஹெஃப்லின். அவருக்கு இதுதான் முதல் படம். ஒரு வரியாவது கொடுங்கள்.

‘படம் ஓடவில்லை’

படத்தைத் தயாரித்த ஆர்.கே.ஓ. நிறுவனத்துக்கு நஷ்டம்தான். அதை முதல் பத்தியில் போடாதீர்கள்.